75 சதவீதம் 73 ஆன கதை: ஒரு மாணவர் யூனியனால் உண்மையில் என்ன மாற்ற முடியும்?

வெறும் இரண்டு சதவீதம். மாணவர் போராட்டம், மாணவர் சக்தி என்று பெரிய வார்த்தைகளில் பேசிப் பழகிய நமக்கு இது ஒரு வெற்றி மாதிரியே தெரியாது. ஆனால் மாணவர் யூனியன் எதற்கு என்று யாராவது கேட்டால், மெரினாவையோ டெல்லியையோ காட்டுவதற்கு முன்னால் நான் இந்த இரண்டு சதவீதத்தைத்தான் காட்டுவேன்.

2023 ஜனவரியில் கேரளாவில் இது நடந்தது. கொச்சி அறிவியல் மற்றும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சுருக்கமாக குசாட், மாணவிகளுக்கு மாதவிடாய் காரணமாக ஒவ்வொரு செமஸ்டரிலும் 2 சதவீதம் கூடுதல் வருகைப்பதிவுச் சலுகை கொடுத்தது. அதே மாதத்தில் கேரள அரசு இதைத் தன் உயர்கல்வித் துறையின் கீழ் வரும் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் விரிவாக்கியது. தேர்வு எழுத 75 சதவீத அட்டெண்டன்ஸ் தேவை என்றிருந்த விதி, மாணவிகளுக்கு 73 சதவீதம் ஆனது.

இதற்காக யாரும் பஸ்ஸை மறிக்கவில்லை. இதைத் தொடங்கி வைத்தது, தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மாணவர் யூனியன் வைத்த கோரிக்கை.

குசாட்டில் அப்படி என்ன நடந்தது?

அட்டெண்டன்ஸ் விதி எப்படி வேலை செய்யும் என்று காலேஜ் போன எல்லாருக்கும் தெரியும். 75-க்குக் கீழே போனால் ஹால் டிக்கெட் சிக்கல். மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கி, விண்ணப்பம் எழுதி, 'கண்டோனேஷன்' கேட்டு அலைய வேண்டும். மாதா மாதம் வயிற்று வலியோடு ஒன்றிரண்டு நாள் வகுப்புக்கு வர முடியாத மாணவிக்கு இந்த வழி உதவாது. அதற்கெல்லாம் ஒவ்வொரு முறையும் டாக்டரிடம் போய் சர்டிஃபிகேட் வாங்க முடியுமா? வாங்கினாலும் அதை ஹெச்.ஓ.டி.யிடம் நீட்டி விளக்கம் சொல்ல வேண்டும்.

குசாட் மாணவர் யூனியன் இதை ஒரு கோரிக்கையாக நிர்வாகத்திடம் கொண்டு போனது. துணைவேந்தர் உத்தரவு போட்டார். கல்விக் குழுவுக்கு, அதாவது அகாடமிக் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்த உத்தரவு வந்தது. மாணவிகள் மெடிக்கல் சர்டிஃபிகேட் இணைக்க வேண்டியதில்லை, விண்ணப்பம் கொடுத்தால் போதும்.

இந்தக் கோரிக்கை ஜெயித்ததில் நாம் கவனிக்க வேண்டிய விஷயங்கள் மூன்று.

முதலாவது, கோரிக்கை ரொம்பத் துல்லியமாக இருந்தது. 'மாணவிகளின் நலனைக் காக்க வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டிருந்தால், 'பரிசீலிக்கிறோம்' என்ற ஒரே வார்த்தையில் கோப்பு மூடப்பட்டிருக்கும். எத்தனை சதவீதம், யாருக்கு, எந்த விதியில் என்று கேட்டதால் ஆமாம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை.

இரண்டாவது, புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. வருகைப்பதிவுக் குறைவை மன்னிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. அதற்குள் ஒரு புதிய காரணத்தைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, அதைச் செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரிடமே கோரிக்கை போனது. டிபார்ட்மென்ட் அளவில் கெஞ்சியிருந்தால் 'என் கையில் ஒண்ணும் இல்லப்பா' என்ற பதில்தான் கிடைத்திருக்கும்.

இதை ஒரு வாட்ஸ்அப் குரூப் செய்திருக்க முடியாதா?

நியாயமான கேள்வி. இன்றைக்கு ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் கன்ஃபெஷன் பேஜ், மீம் பேஜ் இருக்கின்றன. ஹாஸ்டல் மெஸ் சாப்பாட்டில் புழு கிடந்தால் பத்து நிமிடத்தில் போட்டோ ஊர் முழுக்கப் போய்விடும். பிறகு யூனியன் எதற்கு?

போட்டோ வைரலானால் அடுத்த நாள் மெஸ்ஸில் சாப்பாடு நன்றாக இருக்கும். அடுத்த மாதம்? கான்ட்ராக்ட் யாருக்குப் போகிறது, தரத்தை யார் பார்க்கிறார்கள், புகார் வந்தால் அபராதம் உண்டா என்ற கேள்விகளை எந்தப் பேஜும் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்க முடியாது. அட்மினைக் கூப்பிட்டுப் பேசவும் நிர்வாகத்துக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. மாறாக, 'யாருடா போட்டது?' என்று தேடுவதுதான் நடக்கும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட யூனியனிடம் இருப்பது வேறொன்று. அதன் தலைவர் பேசும்போது அது அவருடைய தனிப்பட்ட புகார் இல்லை. ஓட்டுப் போட்ட ஆயிரக்கணக்கான பேரின் சார்பில் பேசுகிறார். கடிதத்துக்குத் தேதி இருக்கும், கூட்டத்துக்கு மினிட்ஸ் இருக்கும், பதில் வராவிட்டால் அதைக் காட்டி மறுபடி கேட்கலாம்.

இன்னொரு விஷயம் பயம். நம்ம ஊர் காலேஜில் ஒரு குறையைச் சொல்ல நினைக்கும் மாணவரை எது தடுக்கிறது? 'இன்டர்னல் மார்க்ல கை வெச்சிடுவாங்க', 'டிசி குடுத்துடுவாங்க', 'வீட்டுக்கு போன் போட்டுடுவாங்க'. இந்தப் பயம் பொய் இல்லை. தனியாகப் பேசுபவரைக் குறிவைப்பது சுலபம். பேசுவதையே பொறுப்பாகக் கொண்ட ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும்போது, புகாரின் பின்னால் எந்தப் பெண், எந்த முதலாமாண்டுப் பையன் என்று தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. குசாட்டில் எந்த ஒரு மாணவியும் தன் உடல்நிலையை அதிகாரிகள் முன்னால் தனியாக நின்று விளக்க வேண்டியிருக்கவில்லை. யூனியன் அந்த வேலையைச் செய்தது.

தமிழ்நாட்டு மாணவர்கள் சாதிக்காததா?

சாதித்திருக்கிறார்கள், அதுவும் இந்தியாவே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. 1965 மொழிப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்கள் மாணவர்கள். அந்த ஜனவரியில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தார். இரண்டே ஆண்டில், 1967 தேர்தலில், விருதுநகரில் காமராசரையே தோற்கடித்த பெ.சீனிவாசன் மாணவர் தலைவராக இருந்து வந்தவர். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டத்தில் பெரும்பகுதி இளைஞர்களும் மாணவர்களும்தான். அந்த மாதம் 21-ம் தேதி அவசரச் சட்டம், 23-ம் தேதி சட்டமன்றத்தில் மசோதா.

ஆக, மொழிக் கொள்கையை அசைக்க முடிந்தது. ஜல்லிக்கட்டுக்குச் சட்டம் கொண்டுவர வைக்க முடிந்தது. ஆனால் லேடீஸ் ஹாஸ்டல் கேட் சாயங்காலம் ஆறு மணிக்கே ஏன் மூடப்படுகிறது, மறுமதிப்பீட்டுக் கட்டணம் ஏன் இவ்வளவு, லைப்ரரி ஏன் ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை என்ற கேள்விகளுக்குப் பதில் வாங்க முடியாத நிலையில்தான் நம் மாணவர்கள் பலர் இருக்கிறார்கள்.

காரணம் எளிது. தெருவில் இறங்குவது பெரிய விஷயங்களுக்கான கருவி. அதை வருஷத்துக்கு ஒரு முறைகூட எடுக்க முடியாது. மெஸ் பில்லுக்காக மெரினாவில் உட்கார முடியுமா? அன்றாடப் பிரச்சினைக்கு அன்றாடக் கருவி வேண்டும். அது தமிழ்நாட்டின் பல கல்லூரிகளில் இல்லை.

'எங்க காலேஜ்லதான் மாணவர் பேரவை இருக்கே' என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது. ஜூலையிலோ ஆகஸ்டிலோ பேரவைத் துவக்க விழா நடக்கும், சாஷ் போடுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், சிறப்பு விருந்தினர் பேசுவார். அதற்குப் பிறகு அந்தப் பேரவையின் வேலை கல்ச்சுரல்ஸில் வாலன்டியர் பேட்ஜ் கொடுப்பது. காரணம், பல இடங்களில் பேரவைத் தலைவரைத் தேர்வு செய்வது மாணவர்கள் இல்லை, ஆசிரியர்கள். நியமித்தவரிடம் போய் யாரால் கேள்வி கேட்க முடியும்?

18 வயதில் ஓட்டுரிமை கொடுத்து 35 வருஷத்துக்கு மேல் ஆகிறது. 61-வது அரசியல் சட்டத் திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பிரதமர் யார் என்று தீர்மானிக்க ஒரு முதலாமாண்டு மாணவருக்கு அறிவு போதும் என்று நாடு ஒப்புக்கொண்டுவிட்டது. தன் ஹாஸ்டலின் மெஸ் கமிட்டியில் யார் உட்கார வேண்டும் என்று தீர்மானிக்க மட்டும் அவருக்கு 'மெச்சூரிட்டி' போதாதாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்லூரித் தேர்தலுக்கு ஒரு தெளிவான விதிப்புத்தகமே இருக்கிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையிலான குழு 2006-ல் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. முக்கியமானவை மட்டும் இங்கே:

- கல்வியாண்டு தொடங்கி 6 முதல் 8 வாரங்களுக்குள் தேர்தல். ஒவ்வோர் ஆண்டும் நடக்க வேண்டும்.
- வேட்புமனு முதல் முடிவு வரை மொத்தம் 10 நாளைத் தாண்டக் கூடாது.
- இளநிலை மாணவர்களுக்கு வயது வரம்பு 17 முதல் 22. ஆய்வு மாணவர்களுக்கு 28 வரை.
- குறைந்தது 75 சதவீத வருகைப்பதிவு. போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது.
- நிர்வாகி பதவிக்கு ஒரே ஒரு முறைதான் நிற்கலாம்.
- ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும்.
- அச்சடித்த போஸ்டர் கூடாது. கையால் எழுதியது மட்டும், அதுவும் ஒதுக்கிய இடத்தில் மட்டும்.

பலர் கவனிக்காத இன்னொரு பரிந்துரையும் உண்டு. அமைதியாகத் தேர்தல் நடத்த முடியாத சூழல் இருக்கும் கல்லூரிகளில் தற்காலிகமாக நியமன முறை வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்றது லிங்டோ குழு. 2006-ல் இருந்து எண்ணிப் பார்த்தால், அந்த ஐந்து ஆண்டு முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நியமனப் பேரவையை நிரந்தர ஏற்பாடாக வைத்திருக்க அந்த அறிக்கையில் இடம் இல்லை.

'எலெக்‌ஷன் வந்தா அடிதடி வரும்'

தேர்தல் வேண்டாம் என்பவர்களின் முக்கியமான வாதம் இது. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நான் மேலே புகழ்ந்த அதே கேரளாவில், 2018 ஜூலையில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில், சுவரில் எழுதுவது தொடர்பாகத் தொடங்கிய மோதலில் மாணவர் அமைப்பைச் சேர்ந்த ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். டெல்லி பல்கலைக்கழகத்தில் 2024 செப்டம்பர் 27 அன்று தேர்தல் நடந்தது. ஊர் முழுக்க போஸ்டரும் கிறுக்கலுமாக இருந்ததால், அதையெல்லாம் சுத்தம் செய்யும் வரை ஓட்டு எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. முடிவு வந்தது நவம்பர் 25-ல். 5,000 ரூபாய் உச்சவரம்பு அங்கே எந்த அளவுக்கு மதிக்கப்பட்டது என்பதை அந்தச் சுவர்களே சொல்லிவிட்டன.

கட்சிகளின் பணமும் கொடியும் கேம்பஸுக்குள் வந்தால், யூனியன் மாணவர்களுக்கான அமைப்பாக இல்லாமல் கட்சிக்கு ஆள் பிடிக்கும் இடமாக மாறும் ஆபத்து நிஜமானது. ஆனால் அதற்காகத் தேர்தலே வேண்டாம் என்பது சரியான முடிவா?

சென்னையைப் பாருங்கள். பஸ் டே கலாட்டா, 'ரூட்டு தல' மோதல், ரயில்வே ஸ்டேஷனில் பட்டாக்கத்தி. இதற்கும் யூனியன் தேர்தலுக்கும் சம்பந்தம் இல்லை. மாணவர்களுக்கு ஒரு தலைவர் தேவைப்படுகிறார். முறையான வழி இல்லாத இடத்தில், பஸ் ஃபுட்போர்டில் யார் கெத்து என்பதை வைத்து அந்தத் தலைவர் உருவாகிறார். தேர்தல் வைத்தால் இது மறுநாளே நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. தேர்தல் இல்லாததால் அமைதி நிலவுகிறது என்ற வாதம் செல்லாது என்கிறேன்.

அமைதியாகவும் நடத்த முடியும். கிண்டிக்குப் போனால் உதாரணம் இருக்கிறது. சென்னை ஐஐடியில் மாணவர்களே ஓட்டுப் போட்டுச் செயலாளர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களைக் கேள்வி கேட்க மாணவர் சட்டமன்றக் குழுவும் அதற்கு ஒரு சபாநாயகரும் உண்டு. ஐஐடி மாணவருக்கு முடிவது அரசுக் கலைக் கல்லூரி மாணவருக்கு முடியாதா? முடியாது என்றால், நாம் பேசுவது சட்டம் ஒழுங்கைப் பற்றி இல்லை. யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்ற வர்க்கப் பார்வையைப் பற்றி.

சரி, எங்க காலேஜ்ல யூனியனே இல்லை. என்ன பண்றது?

தேர்தல் கேட்டு மனு கொடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அது வரும் வரை சும்மா இருக்கத் தேவையில்லை. ஏற்கெனவே மாணவர்களுக்கு என்று விதிகளில் ஒதுக்கப்பட்ட நாற்காலிகள் இருக்கின்றன. அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நம்மில் பலருக்குத் தெரியாது.

உள்ளகப் புகார் குழு: பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் ஐசிசி. யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிகளின்படி, மாணவர்கள் சம்பந்தப்பட்ட விவகாரங்களில் இளநிலை, முதுநிலை, ஆய்வு நிலைகளில் இருந்து மூன்று மாணவர்கள் இதில் இருக்க வேண்டும். அவர்கள் 'வெளிப்படையான ஜனநாயக முறையில்' தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. அதாவது யூனியன் தேர்தல் நடத்தாத கல்லூரியும் இந்த ஒரு தேர்தலை நடத்தியாக வேண்டும்.

மாணவர் குறைதீர்ப்புக் குழு: யுஜிசியின் 2023 விதிகளின்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் இருக்க வேண்டும். மாணவர் பிரதிநிதி ஒருவர் சிறப்பு அழைப்பாளர். புகார் வந்து 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம். அட்மிஷன் ரத்து செய்தபின் கட்டணத்தைத் திருப்பித் தராதது, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது, தேர்வு முடிவைத் தாமதப்படுத்துவது எல்லாம் இங்கே புகார் கொடுக்கக்கூடியவை.

ராகிங் தடுப்புக் குழு: 2009 விதிகளின்படி இதில் முதலாமாண்டு மாணவர்களின் பிரதிநிதியும் சீனியர் மாணவர்களின் பிரதிநிதியும் இருக்க வேண்டும்.

உள்தர உறுதிக் குழு: 'நாக்' அங்கீகாரத்துக்காகக் கல்லூரிகள் வைத்திருக்கும் ஐக்யூஏசி. இதிலும் மாணவருக்கு இடம் உண்டு. நாக் கிரேடுக்காக நிர்வாகம் எவ்வளவு மெனக்கெடும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கூட்டத்தில் கேட்கப்படும் கேள்வியைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

இந்த இடங்களில் பெரும்பாலும் 'நல்ல பையன், நல்லா படிக்கிற பொண்ணு' என்று யாரோ ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். சில சமயம் அந்த மாணவருக்கே அது தெரியாது. அந்தப் பெயரைக் கண்டுபிடியுங்கள். அவரைத் திட்டுவதற்காக இல்லை. உங்கள் டிபார்ட்மென்டின் கோரிக்கையை எழுத்தில் அவர் கையில் கொடுப்பதற்காக.

கோரிக்கை எழுதும்போது

குசாட் யூனியனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இங்கேதான். ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். 'வசதிகள் சரியில்லை' என்று எழுதாமல், 'மகளிர் விடுதியில் எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை' என்று எண்ணி எழுதுங்கள். எந்த விதி, யாருக்கு அதிகாரம் என்று தேடுங்கள். விதி தெரியவில்லையா, அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். கடிதத்தைக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கூட்டாகக் கையெழுத்துப் போடுங்கள், ஒருவர் பெயர் மட்டும் தனியாகத் தெரிய வேண்டாம். படிப்பு முடிந்து போகும்போது அந்த ஃபைலை ஜூனியரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். மாணவர்கள் மூன்று வருஷத்தில் போய்விடுவார்கள் என்பதுதான் நிர்வாகத்தின் பெரிய பலம்.

இதெல்லாம் ரொம்பச் சின்ன வேலையாகத் தெரியலாம். ரீல்ஸ் போட்டால் லைக் வராது. ஆனால் 2 சதவீதமும் அப்படித்தான் இருந்தது. அதனால் இன்று கேரளாவில் ஒரு மாணவி, வலியோடு வீட்டில் இருந்த நாளுக்காக ஹால் டிக்கெட்டை இழக்காமல் தேர்வு எழுத முடிகிறது.

தமிழ்நாட்டில் அட்டெண்டன்ஸ் விதி மாறுவதற்குக்கூட முதலில் அதைக் கேட்க உரிமையுள்ள ஒருவரை மாணவர்களே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அரசு நினைத்தால் அடுத்த கல்வியாண்டிலேயே லிங்டோ விதிப்படி கல்லூரிகளில் தேர்தல் அறிவிக்கலாம். அதுவரை நாளைக்கு காலேஜ் போனதும் நோட்டீஸ் போர்டில் ஐசிசி பட்டியலைப் பாருங்கள். அந்த மூன்று மாணவர்களின் பெயர் இருக்கிறதா? இருந்தால், அவர்களுக்கு யார் ஓட்டுப் போட்டது என்று ஆபீஸில் கேளுங்கள்.